மாரியாயியும் மரியாயியும்: கெடா பதிவேட்டில் ஓர் எபிரேயப் பெயர்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் மெர்போக் ஆறு கடலைத் தொடும் முனையில் தஞ்சோங் டாவாய் இருக்கிறது. எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா. கருவாடும் பெலாச்சானும் வாங்க வருகிறவர்களுக்கு ஊர் தெரியும். ஊரின் பெயரை எப்படி எழுதுவது என்பதில்தான் இரண்டு வழக்கு இருக்கிறது. பழைய முறையில் ரோமன் எழுத்தில் 'ஓ' போட்டுத் தஞ்சோங். 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து ஏற்ற புதிய ரூமி (ரோமன்) எழுத்துமுறைப்படி 'யூ' போட்டுத் தஞ்சுங். இரண்டும் இன்றைக்கும் புழக்கத்தில் உள்ளன. ஊர்ப்பெயர் எப்படி எழுதப்பட்டாலும் ஊர் அங்கேயேதான் இருக்கும். ஒரு பெண்ணின் பெயர் அப்படியல்ல. ஓர் எழுத்து மாறினால் அவள் எந்தக் கோயிலுக்கு உரியவள் என்பதே மாறிப்போகும். இந்த முனையிலிருந்து மெர்போக், செமிலிங், பீடோங் வழியாகச் சுங்கை பட்டாணி வரை இருந்த பால்மரத் தோட்டங்களில் அப்படி மாறிய ஒரு பெயரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்துப் பாட்டிமாரில் மாரியாயி என்ற பெயர் அரிதல்ல. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஒரு மாரியம்மன் கோயில் இருந்த காலத்தில் பிள்ளைக்கு அம்மன் பெயர் வைப்பது இயல்பு. மாரி என்றால் மழை. அம்மை நோயை ஆற்றுகிறவளும் அவளே. கத்தோலிக்கத் தமிழரிடம் மரியாயி என்ற பெயரும் உண்டு. அது இயேசுவின் தாயின் பெயர். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் நடுவே ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம். அந்தக் காலை எழுதும் வரை குழப்பமே இல்லை. ரோமன் எழுத்தில் எம், ஏ, ஆர், ஐ என்று தொடங்கியதும் கால் உதிர்ந்துவிடுகிறது. குறில் 'ம'வுக்கும் ஒரு 'ஏ', நெடில் 'மா'வுக்கும் ஒரு 'ஏ'. கடைசியில் வரும் குறில் 'யி'க்கோ பழைய ஆங்கில வழக்கப்படி இரண்டு 'ஈ' போட்டு நீட்டிவிடுவார்கள். நீள வேண்டிய இடம் குறுகி, குறுக வேண்டிய இடம் நீண்டு, அம்மன் பெயரும் மாதா பெயரும் அடையாள அட்டையில் ஒன்றாகிவிட்டன.

மரி என்ற பெயர் தன் உயிரெழுத்துகளை இழந்தது கெடாவில் முதல்முறையாக அல்ல. தொடக்கத்திலேயே அப்படித்தான். எபிரேயத்தில் அது நான்கு எழுத்து: மேம், ரேஷ், யோத், மேம். நான்கும் மெய்கள். பழைய எபிரேய எழுத்தில் உயிர்க்குறிகள் கிடையாது. படிக்கிறவர் வாய்வழக்கிலிருந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். கி.பி. 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை மசோரெத்துகள் என்ற யூத அறிஞர்கள் மெய்களுக்கு மேலும் கீழும் புள்ளியிட்டு உச்சரிப்பை நிலைநிறுத்தியபோது இப்பெயரை 'மிர்யாம்' என்று குறித்தார்கள். ஆனால் அவர்களுக்கு முன்பே, கி.மு. மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'மரியாம்' என்று எழுதியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் உயிரெழுத்தை எழுதியே ஆக வேண்டும் என்பதால் அந்தக் காலத்து உச்சரிப்பு அங்கே பதிவாகிவிட்டது. முதல் அசையில் 'அ' ஒலித்ததே பழையது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேறில்லை. மரி, மரியம், மரியாள் எல்லாம் அந்தப் பழைய 'அ'விலிருந்து வந்தவை. மிரியம் என்பதுதான் பிந்தைய புள்ளியின் வழி வந்தது.

தமிழ் வேதாகமம் இந்த இரண்டு வழிகளையும் ஒரே புத்தகத்துக்குள் வைத்திருக்கிறது. பழைய ஏற்பாட்டில் மோசேயின் அக்கா 'மிரியாம்'. செங்கடலைக் கடந்தபின் தம்புரு எடுத்துக்கொண்டு பெண்களோடு ஆடிப் பாடியவள். புதிய ஏற்பாட்டில் இயேசுவின் தாய் 'மரியாள்'. முன்னதை எபிரேய மூலத்திலிருந்தும் பின்னதைக் கிரேக்க மூலத்திலிருந்தும் பெயர்த்ததால் வந்த பிளவு இது. இருவருக்கும் ஒரே பெயர் என்பதை வேதாகமத்தை நாள்தோறும் வாசிக்கிறவர்கள்கூடக் கவனிக்காமல் போவதுண்டு.

பெயரின் பொருளைப் பற்றி அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கசப்பு என்று பொருள்படும் எபிரேய வேரிலிருந்து வந்தது என்பார்கள். கலகம் செய்தல் என்ற வேரிலிருந்து என்பார்கள். மிரியாமின் குடும்பம் எகிப்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படுவதால், அன்புக்குரியவள் என்ற எகிப்தியச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எகிப்திய விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. பெற்றோர் தாங்களாகவே பிள்ளைக்குக் கசப்பு என்றோ கலகம் என்றோ பெயர் வைப்பதைவிட அன்பு என்று வைப்பது நடக்கக்கூடியது. ஆனால் கடலோரத்தில் நின்று இந்தப் பெயரைப் பார்க்கிறவர் விட்டுவிட முடியாத விளக்கம் புனித ஜெரோமுடையது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வேதப் பெயர்களுக்குப் பொருள் எழுதிய அவர், இதை 'மர்' என்றும் 'யாம்' என்றும் பிரித்தார். மர் துளி, யாம் கடல். லத்தீனில் 'ஸ்டில்லா மாரிஸ்', கடலின் துளி. பின்னால் படியெடுத்தவர்கள் கையில் 'ஐ' ஒன்று 'ஈ' ஆகி, 'ஸ்டெல்லா மாரிஸ்', கடலின் நட்சத்திரம் ஆனது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்த ஓர் எழுத்திலிருந்து ஒரு பக்தி மரபே கிளைத்தது. மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் அவள் வழிகாட்டும் விண்மீன் ஆனாள். ஸ்டெல்லா மாரிஸ் என்ற பெயரில் சென்னையில் ஒரு கல்லூரியே இருக்கிறது. எழுத்துப்பிழை என்று நாம் ஒதுக்குவது சில சமயம் பெயரின் வரலாற்றிலேயே மிக வளமான பகுதியாகிவிடுகிறது.

இயேசுவின் காலத்தில் பாலஸ்தீன யூதப் பெண்களிடையே இதைவிடப் பரவலான பெயர் இல்லை. கல்லறைப் பேழைகளிலும் நூல்களிலும் கிடைத்த பெயர்களைத் தொகுத்த இஸ்ரேலிய ஆய்வாளர் தால் இலானின் அகராதியைக் கொண்டு கணக்கிட்டவர்கள், ஐந்தில் ஒரு பெண்ணாவது இப்பெயர் கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். நற்செய்தி நூல்களில் மகதலா மரியாள், பெத்தானியா மரியாள், யாக்கோபின் தாய் மரியாள் என்று ஊரையோ பிள்ளையையோ ஒட்டவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது அதனால்தான். அதே காலத்து வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ், ஏரோது மன்னன் கொன்ற அரசியின் பெயரைக் கிரேக்கத்தில் 'மரியாம்மே' என்று எழுதினார். பிற்காலப் படிகளில் நடுவே ஒரு 'ன்' நுழைந்து 'மரியாம்னே' ஆகி, அந்தப் பிழை வடிவமே ஐரோப்பாவில் நிலைத்தது. மரியாம்மே என்று படித்தவுடன் தமிழ்க் காதில் மாரியம்மா ஒலிக்கும். இந்த ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு மாரியும் மரியும் ஒரே தாய்தெய்வம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. மழை என்ற பொருளில் மாரி என்ற சொல் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. நான்கு மெய்களில் பிறந்த எபிரேயப் பெயருக்கும் அதற்கும் உறவு கிடையாது. கெடாவின் பதிவேட்டில் ஒன்றாய்த் தெரிவதற்குக் காரணம் ரோமன் எழுத்து மட்டுமே.

எபிரேயப் பெயர் தமிழுக்கு ஒரே வழியில் வரவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே போர்த்துகீசியர் வழி 'மரியா' வந்தது. தமிழ்ப் பேச்சுவழக்கு அதை மரி ஆக்கி, ஆயி சேர்த்து மரியாயி ஆக்கி, தெற்கே மரியம்மை ஆக்கி, மரியபுஷ்பம், மரியதங்கம் என்று தொடுத்து, மரியதாஸ், மரியசூசை என்று ஆண்களுக்கும் கொடுத்தது. 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்க் தொடங்கிவைத்த சீர்திருத்தத் திருச்சபை மரபு, பெண்பால் 'ஆள்' விகுதி சேர்ந்த மரியாளைப் பரப்பியது. அதே அச்சில்தான் சாராள், அன்னாள், ரெபெக்காள். பிறகு ஆங்கிலப் பள்ளிகள் வழியே மேரி. 1858-இல் பிரான்சில் லூர்து நகரில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்பட்ட பிறகு லூர்துமேரி; வேளாங்கண்ணி வழி ஆரோக்கியமேரி. 1995-இல் வந்த திருவிவிலியம் மீண்டும் மரியாவுக்கே போனது.

மேரி என்ற எழுத்துக்குள் இன்னொரு கதை இருக்கிறது. ஓலைச்சுவடிகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். குறிலுக்கு மேலே புள்ளி இட வேண்டும் என்பது இலக்கணம். ஓலை கிழியும் என்று எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். மெரியா மேரியா என்று அந்த எழுத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நெடிலுக்குக் கொம்பின் மேலும் சுழி சேர்த்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-இல் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த இந்த இயேசு சபைத் துறவி, கோணான்குப்பத்தில் மரியாளுக்குக் கோயில் எழுப்பி, பெரியநாயகி என்று தமிழ்ப் பெயர் சூட்டியவர். அவள் கணவர் சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கித் தேம்பாவணி பாடியவரும் அவரே. குறிலும் நெடிலும் எழுத்திலேயே தெரிய வேண்டும் என்று அவர் பட்ட கவலையின் பயன், பின்னாளில் மேரி என்று பெயர் வைத்த ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் கிடைத்தது. ரூமி எழுத்தில் தமிழ்ப் பெயர்களுக்காக அப்படிக் கவலைப்பட ஒருவர் வரவில்லை.

மலாயாவுக்குக் கப்பலேறியபோது இந்த வடிவங்கள் எல்லாம் சேர்ந்தே வந்தன. புதுச்சேரிப் பகுதியில் பணியாற்றிய அதே பாரிஸ் அந்நிய மறைபோதக சபைதான் பினாங்கிலும் மலாயாவிலும் இருந்தது. கோயிலில் ஞானஸ்நானப் பதிவு லத்தீனில். அங்கே அவள் மரியா. தோட்ட ஆபீசில் பேரேடு ஆங்கிலத்தில். அங்கே அவளை எழுதியவர் கிராணி என்ற தோட்டக் குமாஸ்தா. மலாயாத் தோட்டங்களில் கிராணி வேலையில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் மிகுதி. இதை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். கேரளத்தின் சுறியானிக் கிறிஸ்தவர்களுக்கு இப்பெயர் போர்த்துகீசியருக்கு வெகுமுன்பே சிரியாக் மொழி வழி மறியம் என்று வந்துவிட்டது. அவர்கள் வீட்டில் மறியாம்மா என்றால் அது ஐயத்துக்கு இடமில்லாத கிறிஸ்தவப் பெயர். அதே ஒலியை ஒத்த மாரியம்மா தமிழ் லயத்தில் ஐயத்துக்கு இடமில்லாத அம்மன் பெயர். ஒரு மலையாளிக் கிராணி தன் அத்தையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பழகிய அதே எழுத்துகளில் பால் வெட்டுகிறவளின் மகள் பெயரையும் எழுதுவது இயல்புதானே. பெற்றோருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எழுதியதைச் சரிபார்க்க வழியில்லை.

கெடாவில் நான்காவது வழி ஒன்றும் உண்டு. அது வழிகளிலேயே நேரானது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம். 19-ஆம் அத்தியாயத்துக்கே அவள் பெயர். மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியில் அது மீம், ரா, யா, மீம். எபிரேயத்தின் அதே நான்கு மெய்கள் அதே வரிசையில். மலாய் வீடுகளில் மரியம், சித்தி மரியம், கூப்பிடும்போது யாம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் மரியம் பீவி. இவர்களிடம் மாரியா என்ற இன்னொரு பெயரும் உண்டு. நபிகளின் இல்லத்தில் வாழ்ந்த எகிப்திய கிப்தியப் பெண்ணின் பெயர் அது. அரபியில் முதல் அசை நெடில். மலாய் ரூமியில் பெரும்பாலும் கடைசியில் ஒரு 'எச்' சேர்த்து அதை எழுதுவார்கள். ஆக ரோமன் எழுத்தில் 'எம், ஏ, ஆர், ஐ, ஏ' என்று ஒரு பெயரைக் கெடாவில் பார்த்தால், அதற்குள் ஒரு கத்தோலிக்க மரியா இருக்கலாம், ஒரு முஸ்லிம் மாரியா இருக்கலாம், வால் வெட்டுப்பட்ட ஒரு மாரியாயியும் இருக்கலாம்.

1948-இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படமும் கைரேகையும் கொடுத்து அடையாள அட்டை வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, தோட்டத்துப் பெண்கள் பலருடைய பெயர் முதன்முறையாக ஓர் அரசாங்கத் தாளில் ஏறியது. எழுதியவர் யாரோ, எழுதிய நேரம் எவ்வளவோ, அந்த வடிவம்தான் பின்னால் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயராக வர வேண்டும். மலாய்க் குமாஸ்தா ஒலியைக் கேட்டு வேறு மாதிரி எழுதினால், தாய் வேறு, பத்திரத்துத் தாய் வேறு என்றாகும். பள்ளிச் சேர்க்கைக்கும் சேமநிதிக்கும் வாரிசுரிமைக்கும் சத்தியப் பிரமாணம் எடுத்து, இவளும் அவளும் ஒருத்தியே என்று எழுதிக் கொடுக்க வேண்டி வந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆவணம் இல்லாத இந்தியர்களைப் பதிவதற்கென்றே 2011-இல் மைடஃப்தார் இயக்கம் நடந்தது. எழுத்துவேறுபாட்டை அழகியல் பிரச்சினையாக மட்டும் பேசுகிறவர்கள் இந்த வரிசைகளில் நின்றவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய நிலைமை தலைகீழ். இப்போது வழக்கத்துக்கு மாறான எழுத்தைப் பெற்றோரே தேடிப் போகிறார்கள். ஒரு காரணம் எண்கணிதம். கீரோ என்ற பெயரில் எழுதிய ஐரிஷ் சோதிடர் பரப்பிய அட்டவணையைத்தான் தமிழ் எண்கணிதக்காரர்கள் பெரும்பாலும் கையாள்கிறார்கள். அதில் எம் 4, ஏ 1, ஆர் 2, ஐயும் ஒய்யும் 1, ஈயும் எச்சும் 5. மேரியை ஆங்கில வழக்கப்படி எம், ஏ, ஆர், ஒய் என்று எழுதினால் கூட்டு 8. சனிக்குரிய எண் என்று 8-ஐ அஞ்சுகிறவர்கள் பலர். ஏயை ஈயாக்கி, ஆரை இரட்டித்தால் 14, அதாவது 5. மரியாவை ஐந்து எழுத்தில் எழுதினால் 9. நடுவில் ஒய் சேர்த்தால் 10. கடைசியில் எச் சேர்த்தால் 14. மரியத்துக்கு ஆறு எழுத்து என்றால் 13. அதிலும் ஒரு ஒய் சேர்த்து 14 ஆக்கலாம். புதுமையாகத் தோன்றும் எழுத்துகளில் கணிசமானவை இந்தக் கூட்டலில் பிறந்தவை. எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. எபிரேயத்தில் எழுத்தே எண். மேம் 40, ரேஷ் 200, யோத் 10, மீண்டும் மேம் 40, மொத்தம் 290 என்று யூதர்கள் கூட்டியபோது அந்த மொழியில் எண்ணை எழுதவும் எழுத்தையே பயன்படுத்தினார்கள். ரோமன் எழுத்துக்கு நாம் கொடுக்கும் மதிப்புக்கு அப்படி ஓர் அடிப்படை கிடையாது. எண்ணுக்காக எச் சேர்த்த தமிழ்க் கிறிஸ்தவப் பெற்றோர், தங்களை அறியாமலேயே பக்கத்து மலாய் வீட்டின் எழுத்துக்குள் போய்விடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் விநோதமான எழுத்து, அடுத்த வேலிக்கு அப்பால் சர்வசாதாரணம்.

மற்றொரு காரணம் உலகம் முழுவதிலிருந்தும் பெயர்களைப் பார்க்கிற வசதி. பிரெஞ்சில் மிரியமுக்கு முதல் அசையில் ஒய். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நடுவே ஜே. அங்கே அது யகர ஒலி. அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தால் சுங்கை பட்டாணி வகுப்பறையில் அந்தப் பிள்ளை மிர்ஜாம் ஆகிவிடுவாள். துருக்கியில் மெர்யெம். ஒவ்வொன்றும் அதனதன் மொழியில் ஒழுங்கானது. மொழியிலிருந்து பிடுங்கி நட்டால்தான் தடுமாற்றம்.

தெற்கே புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் ஆலயம் இருக்கிறது. ஜூலை 26 திருநாளுக்குக் கெடாத் தமிழர்களும் திரளாகப் போகிறார்கள். அன்னம்மாள் மரியாளின் தாய் என்பது இரண்டாம் நூற்றாண்டிலிருந்து வரும் மரபு. அவள் பெயரும் எபிரேயம்தான்; ஹன்னா, அருள் என்று பொருள். தமிழ் வாய் முதலில் இருந்த தொண்டை ஒலியை விட்டுவிட்டு அன்னாள், அன்னம் என்று சொன்னதும், பறவையும் சோறும் அந்தப் பெயருக்குள் வந்து உட்கார்ந்தன. அந்த ஆலய வளாகத்துக்குள்ளேயே செரோக் தொக்குன் கல் நிற்கிறது. பல்லவ எழுத்தைச் சேர்ந்த பழைய வரிகளை அதன்மேல் பார்க்கலாம். மழையும் காலமும் தேய்த்துவிட்டதால் அறிஞர்கள் அவற்றை ஆளுக்கொரு விதமாகப் படித்திருக்கிறார்கள். கடாரம் என்று சோழர் அழைத்த பழைய கெடாவில் நம் பக்கத்து எழுத்து நம் பெயர்களைவிட வெகு பழையது.

அதனால்தான் பிறப்புப் பத்திரத்தில் தமிழுக்கு இடமில்லை என்று சொல்லித் தமிழ் வடிவத்தையே கைவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்யாணப் பத்திரிகை, கல்லறை, கோயில் ரசீது, குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கம் ஆகியவை இன்னும் நம் கையில்தான் இருக்கின்றன. அவற்றில் கால் எழுத்து சரியாக விழுந்திருந்தால், பேரப்பிள்ளைகள் பாட்டி மாரியாயியா மரியாயியா என்று அடையாள அட்டையைப் பார்த்துத் தடுமாற வேண்டியதில்லை. ரோமன் எழுத்திலும் ஒரு வழி இப்போது பரவிவருகிறது: நெடிலுக்கு இரண்டு 'ஏ' எழுதுவது. பார்க்கப் புதுமாதிரியாக இருக்கிறது என்று பெரியவர்கள் குறைசொல்கிறார்கள். ஆனால் கிராணியின் பேனா உதிர்த்த காலை இந்த இரண்டாவது ஏதான் திரும்பக் கொண்டுவருகிறது. தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிய 60 நாள் கெடு இருக்கிறது. மாரியம்மனுக்கு நேர்ந்து பெற்ற மகள் என்றால் இரண்டு ஏ, மிரியாமின் வழி வந்த மரி என்றால் ஒன்று என்று அந்த நாட்களுக்குள் வீட்டில் பேசி முடிவெடுத்து, தாளில் எழுதிக்கொண்டு பதிவிலாகா முகப்புக்குப் போகலாம்.